ஆராய்ச்சிச்சாலைக்குக் காவல் யார்?

டில்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் 2010-ம் வருஷம் ஏப்ரல் மாதம் நேர்ந்த விபரீதத்தை ஜனங்கள் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். சர்வகலாசாலைகளின் நிர்வாகிகள் அதை மறக்கலாகாது. கடைக்காரர் ஒருவருக்குத் தோல் கறுத்தது, மயிர் உதிர்ந்தது. அங்கே வேலை செய்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வைத்தியர்கள் சந்தேகித்துத் தகவல் கொடுத்த பின்னரே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தார் கருவிகளுடன் வந்து தேடினர். கோபால்ட் 60 என்னும் கதிரியக்க உலோகத் துண்டுகள் அகப்பட்டன. ஒருவர் அதில் ஒரு துண்டைத் தம் பணப்பையிலேயே வைத்திருந்தார். தொழிலாளி ஒருவர் அந்த மாதமே மாண்டார்.

இந்த விஷம் களவாகவோ அந்நியர் சூழ்ச்சியாலோ வந்ததல்ல. டில்லி சர்வகலாசாலையின் ரஸாயனப் பகுதி, 1968-ல் கானடாவிலிருந்து தருவித்த காமாக் கிரண யந்திரத்திலிருந்து வந்தது. 1985-க்குப் பின் அதை எவரும் உபயோகிக்கவில்லை. 25 வருஷம் சும்மா கிடந்த பிறகு, 2010 பிப்ரவரியில், வாரியத்தின் அனுமதியின்றியே ஏலத்தில் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் ஈயத்துக்காகக் கவசத்தை உடைத்தார்கள். அவர்கள் மீது என்ன குற்றம்? கோபால்ட் 60-ன் வீரியம் சுமார் ஐந்தேகால் வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. 42 வருஷத்தில் ஆரம்ப பலத்தில் 250-ல் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சமே ஓர் உயிரைக் குடித்தது.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? 2004-ம் வருஷத்திய கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் அப்போது அமுலில் இருந்தன. கதிரியக்கப் பொருளை ஆளும் ஸ்தாபனம், தகுதியுள்ள ஒருவரை, உரிய அதிகாரியின் சம்மதத்துடன் கதிர்ப் பாதுகாப்பு உத்தியோகஸ்தராக நியமிக்க வேண்டும் என்று அவை விதித்தன. இந்த உத்தியோகஸ்தரைச் சட்டையில் குத்தும் அளவு வில்லையை விநியோகிப்பவர் என்றே பலர் எண்ணுகிறார்கள். வில்லையைப் பார்ப்பதும், அறைதோறும் கதிரை அளப்பதும், புதிதாக வரும் மாணவர்களைப் பழக்குவதும் அவர் வேலைதான். ஆனால் தலையாய வேலை கணக்கு. எந்தப் பொருள் எந்த அறையில் இருக்கிறது, சாவி யாரிடம், அதை வாங்கிய பேராசிரியர் ஓய்வு பெற்றால் பிறகு யார் பொறுப்பு என்பதற்கெல்லாம் உடனே பதில் சொல்லத்தக்க ஒருவர் வேண்டும். ஆராய்ச்சி நடக்கும்போது பத்துப் பேர் கவனிப்பார்கள். அது நின்ற பிறகுதான் அபாயம் அநாதையாகிறது.

இத்தகையவர் ஆராய்ச்சிக்கு முட்டுக்கட்டை போடுகிறார் என்று முணுமுணுக்கும் விஞ்ஞானிகளும் உண்டு. மேரி கியூரி அம்மையார் தம் கையால் ரேடியத்தைப் பிரித்தெடுத்து, இரத்த நோய் கண்டு 1934-ல் காலமானார். அக்காலத்தில் அபாயத்தின் அளவு தெரியாது. தெரிந்த பிறகும் அஜாக்கிரதையாயிருப்பதை வீரம் என்று நாம் ஒப்பமாட்டோம். அதிலும் விஞ்ஞானி தம் உயிரைப் பணயம் வைப்பது ஒன்று, மாயாபுரித் தொழிலாளியின் உயிரை வைப்பது வேறு. அவர் அந்த ஆராய்ச்சிச்சாலையின் வாசற்படி மிதித்தவரல்லர்.

விபத்துக்குப் பின் வாரியம் சர்வகலாசாலைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தது. கதிரியக்கப் பொருள்களை உபயோகிப்பதையும் நிறுத்திவைத்தது. செத்தவர் வரவில்லை.

நியமிக்கும் ஸ்தாபனமே சம்பளமும் கொடுக்கிறது. இந்நிலையில், பாடம் நடத்தும் இளைய ஆசிரியர் ஒருவரிடம் இப்பதவியை உபரி வேலையாக ஒப்படைத்தால், தம் பகுதித் தலைவரைப் பார்த்து 'நிறுத்துங்கள்' என்று சொல்ல அவருக்கு நா எழுமா? ஆகவே அவர் துணைவேந்தருக்கு நேரே எழுதும் உரிமை பெறவேண்டும். கதிரியக்கப் பொருள் வைத்திருக்கும் பேராசிரியர், அதை அவரிடம் எண்ணி ஒப்புவித்த பிறகே ஓய்வு பெற்றுச் செல்லவேண்டும். அவர் கையெழுத்தில்லாத ஏலப் பட்டியல் எதுவும் ஆராய்ச்சிச்சாலையை விட்டு வெளியே போகக்கூடாது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒவ்வொரு சர்வகலாசாலையும் தன் அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்திலேயே தீர்மானிக்கலாம்.