பூட்டிய பிறகும் தேடியவர்கள்

2008 செப்டம்பரில், லினக்ஸ் 2.6.27 கர்னலின் முன்வெளியீடுகளைச் சோதித்துக்கொண்டிருந்த சிலருக்கு நெட்வொர்க் கார்டு திடீரென்று செத்துப்போனது. மெஷினை அணைத்துப் போட்டார்கள், வரவில்லை. பழைய கர்னலில் பூட் செய்தார்கள், அப்போதும் வரவில்லை. கார்டின் என்.வி.எம். செக்சம் சரியில்லை என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டு டிரைவர் ஒதுங்கிக்கொண்டது.

டிரைவர் பழுது என்றால் பழைய பதிப்புக்குப் போனதும் சரியாக வேண்டும், அதுதான் நமக்குப் பழக்கம். இங்கே மென்பொருள் வன்பொருளுக்குள் கையை விட்டு எதையோ அழித்திருந்தது. நம் துறையில் டிரைவர் பழுதைப் பற்றிப் பேச இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் இதை எடுப்பதற்குக் காரணம் உண்டு.

பாதிக்கப்பட்டவை இன்டெலின் ஐசிஎச்8, ஐசிஎச்9 சிப்செட்டுகளோடு வந்த கிகாபிட் கார்டுகள். அவற்றை இயக்குவது இ1000இ டிரைவர். கார்டின் மேக் முகவரியும் அடிப்படை அமைப்புகளும் பயாஸ் இருக்கும் அதே ஃபிளாஷ் சில்லில் என்.வி.எம். என்ற ஒரு பகுதியில் இருக்கும். அந்தப் பகுதியின் முதல் 64 சொற்களை, அதாவது 16 பிட் எண்களை, கூட்டினால் கடைசி 16 பிட்டில் 47802 வர வேண்டும். பதினாறடிமானத்தில் எழுதினால் பி-ஏ-பி-ஏ, ‘பாபா’. வராவிட்டால் டிரைவர் அந்தக் கார்டைத் தொடாது. செத்த கார்டுகளில் பாபா வரவில்லை.

பழி முதலில் இ1000இ மேலேயே விழுந்தது. கிராஃபிக்ஸ் தடுமாறி மெஷின் உறைந்த பிறகு கார்டு போனதாகச் சிலர் சொன்னதால், எக்ஸ் சர்வர் பக்கமும் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கமும் சந்தேகம் திரும்பியது. உபுண்டு தன் 8.10 பீட்டாவில் இ1000இ டிரைவரையே முடக்கி வைத்தது. இன்டெல் பொறியாளர்கள் என்.வி.எம். பகுதிக்கு எழுத்துத் தடை போடும் பேட்ச் ஒன்றை எழுதினார்கள். அக்டோபர் 9 அன்று 2.6.27 அந்தப் பூட்டோடு வெளிவந்தது. இனி கார்டு சாகாது.

நம் அலுவலகங்களில் பெரும்பாலும் டிக்கெட்டை மூடுவது இந்தக் கட்டத்தில்தான். பூட்டுப் போட்டதில் தவறே இல்லை. திரும்பப் பெற முடியாத சேதம் நடக்கும்போது முதலில் சேதத்தை நிறுத்துவதுதான் முறை. ஆனால் எழுதியது யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. ஃபிளாஷைப் பூட்டினால் எழுதும் கை நின்றுவிடாது, வேறு கதவைத் தட்டும்.

தேடல் தொடர்ந்தது. அது போய் நின்றது நெட்வொர்க்குக்குத் துளியும் சம்பந்தமில்லாத இடத்தில்: 2.6.27-இல் புதிதாகச் சேர்ந்த எஃப்டிரேஸ் என்ற தடமறியும் வசதியில்.

நடந்ததைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். எஃப்டிரேஸுக்காக ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் கம்பைலர் 5 பைட் நீளத்தில் ஓர் அழைப்பை வைக்கும். தடமறிதல் தேவைப்படாத நேரத்தில் அது வீண் சுமை. ஆகவே ஃபங்ஷன் முதல் முறை ஓடும்போது அந்த அழைப்பு இருக்கும் முகவரி குறித்துக்கொள்ளப்படும். நொடிக்கு ஒருமுறை விழிக்கும் ஒரு கர்னல் திரெட், குறித்த இடங்களுக்கெல்லாம் போய் அழைப்பை வெறும் ‘நாப்’ ஆக மாற்றி வைக்கும்.

மாட்யூல்களின் துவக்கக் குறியீடு ஒருமுறைதான் ஓடும். ஓடி முடிந்ததும் அதன் நினைவகம் விடுவிக்கப்படும். ஆனால் முகவரி குறிப்பேட்டில் நிற்கும். அந்த ஒரு நொடி இடைவெளிக்குள் அதே முகவரியை வேறு யாராவது வாங்கிக்கொண்டால்? 32 பிட் எக்ஸ்86-இல் மாட்யூல்களும், சாதன ரிஜிஸ்டர்களைக் கர்னல் முகவரிக்குக் கொண்டுவரும் ஐஓரீமேப்பும் ஒரே விமேலாக் பகுதியில் இடம் பிடிப்பவை. காலியான இடத்தில் இ1000இ-யின் ஃபிளாஷ் ரிஜிஸ்டர்கள் குடியேற முடியும்.

எஃப்டிரேஸை எழுதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. நினைவகமே இல்லாமல் போயிருந்தால் பேஜ் ஃபால்ட் வரும், அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு இருந்தது. வேறு தரவு வந்திருந்தால் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் கட்டளை ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் மாற்றாது. இரண்டு வாசலுக்கும் காவல் இருந்தது. அங்கே இருப்பது நினைவகமாகவே இல்லாமல் ஒரு சாதனத்தின் ரிஜிஸ்டராக இருந்தால் என்ன ஆகும் என்ற மூன்றாவது வாசல்தான் திறந்து கிடந்தது. ஏனென்றால் எக்ஸ்86-இல் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச், ஒப்பீடு தோற்றாலும் படித்த மதிப்பைத் திரும்ப எழுதிவிட்டுத்தான் ஓயும். ரேமில் அதனால் ஒன்றும் ஆகாது. ரிஜிஸ்டருக்கோ எந்த மதிப்பு என்பதைவிட எழுத்து வந்தது என்பதே ஒரு கட்டளையாகிவிடலாம்.

அக்டோபர் 15 அன்று வந்த 2.6.27.1, டைனமிக் எஃப்டிரேஸை முடக்கியது. 2.6.28-இல் வடிவமைப்பே மாறியது. முகவரிகளை ஓட்டத்தின்போது குறிப்பதை விட்டு, கம்பைல் ஆகும்போதே பட்டியலிட்டார்கள். நொடிக்கு ஒருமுறை விழித்த திரெட்டுக்கும் வேலை போனது.

இதை எழுதும் நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை பார்த்த ஓர் இடத்தில், சுமை கூடும்போதெல்லாம் ஒரு சர்வரின் நெட்வொர்க் கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. டிஎஸ்ஓ ஆஃப்லோடை அணைத்தேன், தொங்குவது நின்றது, ‘தீர்ந்தது’ என்று எழுதி டிக்கெட்டை மூடினேன். மூன்று வாரம் கழித்து அதே சர்வரில் டிஸ்க் கன்ட்ரோலர் தடுமாறியது. இரண்டு கார்டும் ஒரே ரைசரில் செருகப்பட்டிருந்தன. அந்த ரைசர் ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை. கார்டு எதையோ சொல்ல வந்தது; நான் அதை மூன்று வாரம் வாயடைத்து வைத்திருந்தேன்.

எனவே வாசகர்களுக்கு மூன்று பரிந்துரைகள்.

முதலாவது, கைவைக்கும் முன் நிலையைப் பிடித்து வையுங்கள். டிமெசேஜ், எல்எஸ்பிசிஐயின் முழு விவரம், எத்டூல் தரும் டிரைவர் பதிப்பும் எண்ணிக்கைகளும், முடிந்தால் கார்டின் ஈப்ரம் பிரதியும். அந்தப் பிரதி கையில் இருந்தால் திரும்ப எழுதிப் பார்க்கவாவது ஒரு வழி உண்டு.

இரண்டாவது, பைசெக்ட் செய்யும்போது எல்லையைச் சுருக்காதீர்கள். 2.6.26-க்கும் 2.6.27-க்கும் இடையே 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள். பதினான்கு படிகளில் முடியக்கூடிய வேலைதான். நேரம் மிச்சமாகும் என்று டிரைவர் அடைவுக்குள் மட்டும் ஓட்டியிருந்தால், இந்தப் பழுது காலத்துக்கும் கிடைத்திருக்காது. எப்போதாவது ஒருமுறை வரும் பழுதில் ‘நல்லது’ என்று குறிப்பதற்கு அவசரப்படவும் கூடாது. ஒருமுறை பிழைத்த கார்டு அடுத்த முறை பூட் செய்யும்போது போகலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். மாட்யூலை மறுபடி ஏற்றுவது, ஆஃப்லோடை அணைப்பது, பழைய டிரைவருக்குப் போவது எல்லாமே பூட்டுகள். தாராளமாகப் போடுங்கள், பயனர் காத்திருக்கிறார். ஆனால் டிக்கெட்டில் ‘தீர்ந்தது’ என்று எழுத வேண்டாம். ‘அடக்கி வைத்திருக்கிறோம், காரணம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். எப்போது திரும்பிப் பார்ப்போம் என்று ஒரு தேதியும் போடுங்கள். இரண்டு டிக்கெட்டுகளில் ஒரே சர்வரின் பெயர் வரும்போது யாராவது கவனிக்க அது போதும்.

இந்த மாதம் உங்கள் பழைய டிக்கெட்டுகளில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். டிரைவரை மாற்றினோம், சரியாகிவிட்டது என்று முடிந்திருக்கும் ஒன்று நிச்சயம் இருக்கும். அதைத் திறந்து, ஏன் சரியானது என்று ஒரு வரி எழுத முடிகிறதா பாருங்கள்.

ஆசிரியர்