நியூ சேலத்தின் மரக்கட்டை வீடுகள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வடமேற்கே சுமார் 20 மைல் தொலைவில், சாங்கமன் நதியை நோக்கியிருக்கும் ஒரு மேட்டின்மீது நியூ சேலம் என்ற கிராமம் இருக்கிறது. ஜேம்ஸ் ரட்லெட்ஜ், ஜான் கேம்ரன் என்ற இருவர் 1829ஆம் ஆண்டளவில் நதிக்குக் குறுக்கே அணை கட்டி, மாவரைக்கும் ஆலை ஒன்றை நிறுவ, அதையொட்டிக் கடையும் கொல்லுப்பட்டறையும் வீடுகளுமாக எழும்பிய அவ்வூர், பக்கத்துப் பீட்டர்ஸ்பர்க் 1839இல் புதிய மாவட்டத்தின் தலைமையிடமானவுடன் ஆளற்றுப் போயிற்று. அங்கிருந்து பெயர்ந்தவர்களிற் சிலர் தங்கள் கட்டடங்களையே பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஜீவித்த ஓர் ஊரை உலகம் மறவாதிருப்பதற்குக் காரணம், 1831 முதல் 1837 வரை ஆபிரகாம் லிங்கன் அங்கே வாசம் செய்தார் என்பதே. நதியில் வந்த தட்டைப்படகு ஆலையின் அணைமீது சிக்கிக்கொண்டதனால் அவ்வூராருக்கு முதன்முதல் அறிமுகமான அந்த 22 வயது வாலிபர், கடைச் சிப்பந்தியாகவும், பின்பு கூட்டுக் கடை நடத்திக் கடனாளியாகவும், தபால் அதிகாரியாகவும், நில அளவையாளராகவும் இருந்து, 1834இல் மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இறுதியில் வக்கீலாக ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆயினும் நான் இங்கே பேச விரும்புவது லிங்கனைப் பற்றியன்று. அவர் போன பிறகு புல் மூடிக் கிடந்த மேட்டில் மறுபடியும் வீடுகளை எழுப்பிய சாதாரண ஜனங்களைப் பற்றியே. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் 1906இல் அந்த நிலத்தை விலைக்கு வாங்கிப் பாதுகாப்புக்கென ஒப்படைத்தார் என்பது உண்மையே. ஆனால் எந்த இடத்தில் எவருடைய வீடு நின்றது என்பதை முதியோரின் ஞாபகத்தையும் பழைய பத்திரங்களையும் துணைகொண்டு தேடியவர்கள், 1917இல் ஓல்டு சேலம் லிங்கன் லீக் என்ற பெயரால் ஒன்றுகூடிய பீட்டர்ஸ்பர்க் வாசிகள்தாம். 1919இல் மாநில அரசாங்கம் நிலத்தை ஏற்றுக்கொண்டது. ஹென்றி ஆன்ஸ்டாட் என்பவர் பீப்பாய் செய்துவந்த பட்டறை, 1840இல் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே நின்றுகொண்டிருந்தது. 1922இல் அது தன் பழைய இடத்துக்கே மீண்டு வந்தது. இன்று அங்குள்ள கட்டடங்களில் லிங்கன் காலத்தது அது ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் 1930களில், பொருளாதார மந்தத்தினால் வேலையற்றிருந்த இளைஞர்களின் உழைப்பைக் கொண்டு புனருத்தாரணம் செய்யப்பட்டவை.

அப்படியானால் இது வெறும் நகல்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பிரயாசை என்று கேட்போர் உண்டு. மரக்கட்டை வீட்டின் இயல்பை அறியாதவர்களே இவ்விதம் கேட்கக்கூடும் என்பது என் அபிப்பிராயம். கருங்கல்லைப்போல் மரம் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. மண்ணுக்கு அருகே கிடக்கும் அடிக்கட்டை ஈரத்தை உறிஞ்சி முதலில் உளுத்துப்போகிறது. அதை மாற்றவேண்டுமானால் வீட்டையே ஜாக்கி வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்தி, மூலைப் பொருத்து முன்போலவே இருக்கும்படி செதுக்கிய புதுக்கட்டையை அடியிற் செருகவேண்டும். கட்டைகளுக்கு இடையேயுள்ள இடுக்குகளில் அடைத்த களிமண்ணும் சுண்ணாம்பும் மழையிலும் பனியிலும் உதிர்ந்துவிடுவதால் அவற்றை மீண்டும் மீண்டும் பூசவேண்டும். சிரமத்துக்கு அஞ்சிச் சிமெண்டை வைத்து அடைத்தாலோ, மரம் சுருங்கி விரியும்போது அது வளைந்துகொடுக்காமல் விரிசல்விட்டு, உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றிக் கட்டையை உள்ளிருந்தே மக்கச் செய்துவிடும். கூரையில் வேய்ந்த மர ஓடுகளுக்கும் ஆயுள் உண்டு. இவ்வாறு சில தலைமுறைகளுக்குள் ஒவ்வொரு பாகமாக மாறிப்போகிற ஒரு வீட்டில், எந்தக் கட்டை ஆதியில் வெட்டப்பட்டது என்ற கேள்விக்கு அதிக அர்த்தமில்லை. கோடரியையும் வாய்ச்சியையும் பிடித்து அந்தப் பொருத்தை அதே முறையிற் செதுக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றனவா என்பதே அதன் உயிரை நிர்ணயிக்கும் கேள்வி.

அந்தக் கைகளிற் பல இன்று தொண்டர்களுடையவை. 1830களின் ஆடையை உடுத்துக்கொண்டு, கணப்படுப்பில் சமைத்தும், கம்பளி நூற்றும், உலைக்களத்தில் இரும்பை அடித்தும், வருகிற குழந்தைகளுக்கு அவர்கள் காட்டுவதெல்லாம் வேடிக்கை என்று கருதுவது பெரும் அநீதி. புத்தகத்தில் எழுதிவைத்தாலும் எழுத்திற் பிடிபடாத தொழிலறிவு, ஒருவர் செய்ய மற்றவர் பார்த்துப் பழகுவதனாலேயே தொடர்ந்து வருகிறது.

இவ்விடத்தில் அவர்களுக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. குடியேறியவர்களின் கதையைச் சொல்லும்போது, அந்நிலம் அதற்கு முன் எவருடையதாக இருந்தது என்பதையும் அதே அக்கறையுடன் சொல்லவேண்டும். மத்திய இல்லினாய்ப் பிரதேசத்தைக் கிக்கப்பூ மக்கள் இழந்தது 1819ஆம் ஆண்டு எட்வர்ட்ஸ்வில் உடன்படிக்கையினால். நியூ சேலம் தோன்றியது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து. 1832இல் சாக் இனத் தலைவர் பிளாக் ஹாக் தம் மக்களோடு மிசிசிப்பியைக் கடந்து பூர்விக பூமிக்குத் திரும்பியபோது மூண்ட யுத்தத்தில், நியூ சேலத்து இளைஞர் அணிக்குத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் லிங்கனே. இதைச் சொல்லாமல் விட்டால் அந்தக் கிராமத்தின் சரித்திரம் பாதிதான்.

அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டியது இதனினும் கண்டிப்பானது. 2008இல் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி இல்லினாய் அரசு தன் சரித்திரத் தலங்களிற் பலவற்றை மூடிவைத்து, மறு ஆண்டில்தான் திறந்தது. மனிதரில்லாத மர வீட்டில் ஒரு மாரிக்காலம் செய்யும் சேதத்தைச் சீர்ப்படுத்த, மூடியதனால் மிச்சமான பணம் போதாது. தொண்டர்கள் இருக்கிறார்களே என்று பராமரிப்புச் செலவைக் குறைத்துக்கொண்டே போவதும் நேர்மையாகாது. ஏனெனில் ஒரு மனிதர் தம் ஓய்வு நாளை மனமுவந்து கொடுக்கலாமேயன்றி, ஓக் மரத்தையும் சுண்ணாம்பையும் தம் பையிலிருந்து கொடுக்கும்படி அவரை எதிர்பார்ப்பது தகாது. கட்டை, கூரை ஓடு, தச்சர் கூலி ஆகியவற்றுக்கென ஆண்டுதோறும் குறையாத தொகையை ஒதுக்கி, முதிய தொண்டர்கள் நடமாடும் காலத்திலேயே அவர்களிடம் தொழில் பழக நாலைந்து இளைஞர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்துவது, ஒரு மாநில அரசாங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்ட காரியமன்று.