பசித்தால் தானே சாப்பிடும் என்று விட்டுவிடலாமா?

சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கித் தள்ளும் பிள்ளையைப் பார்த்து நம் வீடுகளில் சொல்வதுண்டு: "விடு, பசித்தால் தானே வந்து சாப்பிடும்." பெரும்பாலும் அது பலித்துவிடும். இரவு பத்து மணிக்குக் குளிர்பதனப் பெட்டியின் கதவு மெல்லத் திறக்கும். அதே வசனத்தை வீட்டுப் பூனைக்கும் சொல்லிவிடுகிறோம். அதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

பட்டினி கிடக்கும்போது மனித உடல் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துச் சில நாள்களைச் சமாளித்துவிடும். பூனையின் உடலும் கொழுப்பைக் கரைக்கத்தான் செய்கிறது. ஆனால் கரைந்து வரும் கொழுப்பை அந்த வேகத்தில் கையாள அதன் கல்லீரலால் முடிவதில்லை. கொழுப்பு கல்லீரலிலேயே தேங்கிவிடுகிறது. 'ஹெப்பாடிக் லிப்பிடோசிஸ்' என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த நிலை, பூனை சில நாள்கள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலே தொடங்கிவிடலாம். குண்டுப் பூனைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். "நல்ல கொழுத்த பூனைதானே, இரண்டு நாள் பட்டினி கிடந்தால் இளைக்கட்டும்" என்று சிரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கல்லீரல் கெட்டால் குமட்டும், குமட்டினால் பூனை இன்னும் சாப்பிடாது. பல் வலியாலோ சளியாலோ தொடங்கிய சின்னத் தொல்லை, பட்டினியால் உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. ஒரு நாள் முழுக்க எதையும் தொடாத பூனையை விலங்கு மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதனால்தான். குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இதை இளையர் பக்கத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை, 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் வேண்டும், நுண்சில்லு பொருத்த வேண்டும். அதற்கு முன்பும் பூனைகள் இருந்தன, கதவைச் சாத்திக்கொண்டு வளர்த்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். இப்போது முதல்முறையாகப் பூனை வாங்கும் வீடுகளில், அப்பா அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியவர் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளியிலோ தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ படிக்கும் ஒருவர்தான். பூனை அவருடைய அறையில்தான் தூங்குகிறது. அது சாப்பிடவில்லை என்பதை முதலில் கவனிக்கக்கூடியவரும் அவரே.

கவனித்ததும் என்ன செய்கிறோம்? உணவை மாற்றுகிறோம். உலர் உணவை ஒதுக்கிவிட்டு டின்னைத் திறக்கிறோம். மறுநாள் வேறு நிறுவனத்தின் டின். அதற்கும் மசியவில்லையென்றால் ஒரு கிண்ணம் பால், பூனையென்றால் பால்தானே! வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். இப்படி இரண்டு நாளில் நான்கு உணவுகளை மாற்றிய பிறகு மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு நம்மிடம் பதில் இருக்காது. உணவை மாற்றுவது அக்கறையாகத் தோன்றுகிறது. என் பார்வையில் அது காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைத் தள்ளிப்போடும் வழி.

முதலில் கேட்க வேண்டியது, பூனை எந்த விதமாகச் சாப்பிடாமல் இருக்கிறது என்பதைத்தான். தூரத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். கைப்பேசியில் காணொளியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில பூனைகள் கிண்ணத்துக்கு ஆசையாக ஓடிவரும், ஒரு வாய் எடுக்கும், கீழே போட்டுவிடும். தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மெல்லும், அல்லது எச்சில் ஒழுகும். இந்தப் பூனைக்குப் பசி இருக்கிறது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. ஈறு வீக்கமாக இருக்கலாம், பல்லாக இருக்கலாம். பூனைகளின் பற்கள் வேரோரத்தில் அரித்துக் கரைந்துபோகும் ஒரு நோய் சாதாரணமாகக் காணப்படுவது. வெளியே பார்த்தால் பல் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், உள்ளே கடும் வலி இருக்கும். வாயில் இன்னொன்றும் சிக்கியிருக்கலாம்: நூல். தலைமுடி ரப்பர், தையல் நூல், மல்லிகைச் சரத்தைக் கட்டிய நூல் என்று நம் வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கிவிடும். நூலின் நுனி வெளியே தெரிந்தால் இழுத்துவிடாதீர்கள். உள்ளே குடலை அறுத்துவிடக்கூடும். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வேறு சில பூனைகள் கிண்ணம்வரை வரும், முகரும், உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடும். இது பெரும்பாலும் குமட்டல். வயதான பூனை இப்படிச் செய்து, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீரும் குடித்து, மணல் தட்டையும் அதிகமாக நனைத்தால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். கிண்ணத்தின் பக்கமே வராமல் கட்டிலுக்கு அடியில் பதுங்கிக் கிடக்கும் பூனைக்குக் காய்ச்சலோ வலியோ பயமோ இருக்கலாம். மூக்கடைப்பும் ஒரு காரணம். பூனை உணவை மணத்தால்தான் பெரிதும் அடையாளம் காண்கிறது. மணம் தெரியாவிட்டால் அதற்குச் சாப்பாடு சாப்பாடாகவே தோன்றாது. சளிப் பிடித்த பூனைக்கு ஈர உணவை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் சில நேரம் சாப்பிடும். அதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து வீட்டைப் பார்க்க வேண்டும். இதில் இளையர்கள் கெட்டிக்காரர்கள், ஏனென்றால் யார் எதை எங்கே போட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சீனப் புத்தாண்டுக்கு யாரோ தந்த லில்லிப் பூங்கொத்து மேசையில் இருக்கிறதா? அதன் இதழும் இலையும் மகரந்தத்தூளும் பூனைக்கு நஞ்சு, ஜாடித் தண்ணீரும்கூட. சிறுநீரகம் செயலிழந்துவிடும். மீன் குழம்பு பிசைந்த சோற்றை யாராவது வைத்தார்களா? குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். "காய்ச்சல் போலிருக்கிறது" என்று யாராவது பெனடோல் கொடுத்திருந்தால் நிலைமை மிகக் கடுமையானது. பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் உடலில் போதிய அளவு இல்லை. ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறிக்கப் போதும். இந்த மூன்றில் எது நடந்திருந்தாலும், யார் செய்தது என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொண்டு உடனே மருந்தகத்தைத் தொலைபேசியில் அழையுங்கள்.

நோயே இல்லாத காரணங்களும் உண்டு. மேல்மாடியில் இரண்டு வாரமாகத் துளையிடும் சத்தம், தீபாவளிக்கு வந்து தங்கிய உறவினர் கூட்டம், வீடு நிறைந்த சாம்பிராணிப் புகை, புதிதாக வந்த இரண்டாவது பூனை. கிண்ணத்தை மணல் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். கழிப்பறைக்குள் மேசை போட்டுச் சாப்பிட நமக்கும்தான் பிடிக்காது. நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்து வைத்த உலர் உணவு சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும், எறும்பும் மொய்க்கும்.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் சில பாட்டிமார் என்மீது கோபப்படுவார்கள். மதியம் ஒரு மணிக்குப் பாட்டி மீன் வறுத்துக் கொடுத்திருப்பார், மூன்று மணிக்குத் தம்பி பிஸ்கட் கொடுத்திருப்பான், அம்மா வேலைக்குப் போகும் முன்பே ஒரு டின்னைத் திறந்திருப்பார். மாலையில் வீடு திரும்பிய நீங்கள், பூனை சாப்பிடவில்லை என்று கவலைப்படுவீர்கள். அது வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்திருக்கும். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, யார் எப்போது எவ்வளவு கொடுத்தார் என்று எல்லாரும் எழுத வேண்டும் என வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். அந்தத் தாள் மருத்துவருக்கும் உதவும்.

எடையையும் அதில் எழுதலாம். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி நில்லுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், வித்தியாசம்தான் பூனையின் எடை. 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்கு அது சமம். வலி இருக்கிறதா என்று அறியவும் ஒரு வழி வந்திருக்கிறது. கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல் வெளியிட்ட முகபாவ அளவுகோல் பூனையின் காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை இருக்கும் நிலை ஆகிய ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் தருகிறது. காதுகள் பக்கவாட்டில் தட்டையாகி, கண்கள் இடுங்கி, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் மதிப்பெண் கூடும். மொத்தம் 10ல் 4ஐத் தொட்டால் வலிநிவாரணம் தேவைப்படலாம் என்று பொருள். பூனை வலியை மறைக்கும் பிராணி, கத்திச் சொல்லாது. அதனால் இப்படிப் பார்த்துப் பழகுவது நல்லது.

இனி, பலரும் பேசத் தயங்கும் விஷயம்: பணம். விலங்கு மருத்துவச் செலவு குறைவானதல்ல. இரத்தப் பரிசோதனை, ஊடுகதிர்ப் படம், மருந்து என்று கூடிக்கொண்டே போகும். "பூனைக்கா இவ்வளவு?" என்று அப்பா கேட்டால் அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. வீட்டு வரவுசெலவை நாம் பார்ப்பதில்லை, அவர் பார்க்கிறார். ஆனால் அந்தப் பேச்சைப் பூனை மூன்று நாள் பட்டினி கிடந்த பிறகு, இரவு பதினொரு மணிக்கு, அழுகையோடு தொடங்குவது இரு தரப்புக்கும் நியாயமில்லை. பூனை வீட்டுக்கு வந்த மாதமே பேசிவிட வேண்டும். அவசரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம், மாணவர் தம் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் எவ்வளவு தரலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். மருந்தகத்தை அழைத்து, ஆலோசனைக்கு என்ன கட்டணம், முதலில் எந்தப் பரிசோதனை அவசியம், எதைப் பிறகு செய்யலாம் என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. காத்திருப்பதால் செலவு மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். கல்லீரல் பாதித்த பூனைக்குக் குழாய் பொருத்தி வாரக்கணக்கில் உணவூட்ட வேண்டியிருக்கும். முதல் நாளிலேயே பல்லைப் பார்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அது பல மடங்கு.

போக்குவரத்தையும் யோசித்து வையுங்கள். எம்ஆர்டியிலும் பேருந்திலும் பூனையைக் கொண்டுபோக முடியாது. செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகை வாகனச் சேவையைத்தான் நம்ப வேண்டும். பூனைக்கூடையை அலமாரி உச்சியில் பூட்டி வைக்காமல், உள்ளே ஒரு பழைய துண்டை விரித்துக் கூடத்திலேயே திறந்து வைத்தால் பூனை அதற்குப் பழகிவிடும். அவசரத்தில் கையைப் பிறாண்டாது.

சில அறிகுறிகளுக்கு 24 மணி நேரக் கணக்கும் பொருந்தாது. ஆண் பூனை மணல் தட்டில் மீண்டும் மீண்டும் முக்கியும் சிறுநீர் வராவிட்டால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், காதின் உட்புறமோ ஈறோ மஞ்சளாகத் தெரிந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், நள்ளிரவானாலும் கிளம்பிவிட வேண்டும். இரவு முழுதும் திறந்திருக்கும் விலங்கு மருந்தகம் உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்று இன்றே தேடி, அதன் எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருக்கும் அதே தாளில், மேலே பெரிதாக எழுதி வையுங்கள்.