ஆடலும் பயிற்றலும்

ஒரு கலையிற் பேராற்றல் படைத்தவனே அக்கலையைக் கற்பிக்கவும் வல்லன் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். நாடறிந்த கவிஞனல்லாதவன் யாப்பிலக்கணம் கற்பித்தல் கூடுமோ என வினாவுவார் நம்மிடையேயும் உளர். இதற்கு விடை காண ஏடுகளையே புரட்டவேண்டும் என்பதில்லை. இங்கிலாந்து தேசத்து உதைபந்தாட்ட முகாமையாளர் கிரகாம் டெயிலரின் வாழ்வு அவ்விடையைத் தெளிவுறக் காட்டும்.

1944 இற் பிறந்த டெயிலர் கிறிம்ஸ்பி, லிங்கன் என்னும் ஊர்களின் கழகங்களிற் பின்வரிசைக் காப்பாளராக ஆடியவர். முதற் பிரிவிலோ நாட்டணியிலோ அவர் ஆடினாரல்லர். காயத்தினால் 1972 இல் ஆட்டத்தை விட்டு, அவ்வாண்டிலேயே, 28 வயதில், லிங்கன் கழகத்தின் முகாமையாளரானார். நான்காம் பிரிவிற் கிடந்த அக்கழகம் 1975-76 பருவத்தில் 46 ஆட்டங்களில் 32 ஐ வென்று, 111 கோல்களைப் போட்டு, அப்பிரிவில் முதலிடம் பெற்றது.

1977 இற் பாடகர் எல்ற்றன் ஜோன் தலைவராயிருந்த வாட்போட் கழகம் அவரை அழைத்தது. அதுவும் நான்காம் பிரிவிலேயே இருந்தது. ஐந்தாண்டுகளில் அது முதற் பிரிவை எய்தியது. 1982-83 இல் லிவர்பூலுக்கு அடுத்த இடத்தைப் பெற்றது. 1984 இல் எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்திலும் ஆடியது. நான்காம் பிரிவுக் காலத்திலிருந்தே உடனிருந்த லூதர் பிளிசெற் 1982-83 பருவத்தில் முதற் பிரிவில் 27 கோல்கள் போட்டு, ஏனையோர் அனைவரையும் விஞ்சினார். விலை கொடுத்து வாங்கிய புகழன்று இது. பயிற்றிப் பெற்ற புகழ்.

பந்தை நெடுந்தூரம் முன்செலுத்தி, எதிரணியை அதன் எல்லையிலேயே நெருக்குவது அவர் முறை. அதில் நயமில்லை என்றனர் சிலர். அக்குறையை யான் முற்றாக மறுக்கவில்லை. ஆயின் மாணாக்கரின் வலியறிந்து, அவர்க்கு இயல்வதைச் செவ்வையாகச் செய்யப் பழக்குவதன்றோ ஆசிரியன் முதற் கடமை? அன்றியும், தம் ஆட்டக்காரர் ஊர்மக்களோடு கலந்து பழகவேண்டும் என்பதிலும் அவர் உறுதியாயிருந்தார். ஆட்டத்தோடு ஒழுக்கத்தையும் கற்பித்தவர் அவர்.

1990 இல் டெயிலர் இங்கிலாந்து நாட்டணியின் பொறுப்பை ஏற்றார். 1992 ஐரோப்பியப் போட்டியில் அவ்வணி சுவீடனிடம் 2-1 எனத் தோற்றது. ஆங்கிலத்திற் சுவீடன் நாட்டவரைக் குறிக்குஞ் சொல்லே ஒருவகைக் கிழங்கின் பெயருமாம். அதனைப் பற்றிச் 'சன்' பத்திரிகை சிலேடை செய்து, டெயிலரின் முகத்தையே கிழங்காக்கிப் படமும் வெளியிட்டது. 1994 உலகக் கிண்ணத்துக்கு அணி தகுதிபெறாதொழிய, 1993 நவம்பரில் அவர் பதவி துறந்தார். சிலேடை அறிவுக்கு விருந்தாகும் அணி. ஒரு மனிதனின் இருபதாண்டு உழைப்பை மறைக்கும் திரையாக அதனைப் பயன்படுத்துதல் சொல்லுக்குச் செய்யும் இழுக்கு.

அவர் அங்குத் தவறியமைக்கு யான் காணும் காரணம் ஒன்றுண்டு. கழகத்தில் ஆட்டக்காரர் நாள்தோறும் உடனிருப்பர். இன்று திருத்தியதை நாளையும் திருத்தலாம். நாட்டணியிலோ ஆண்டிற் சில நாள்களே கூடிப் பிரிவர். அங்கே வேண்டுவது தேர்ந்தெடுக்குங் கண். நாள்தோறும் பயிற்றுங் கைக்கு அங்கு வேலை குறைவு. வகுப்பறையில் ஆண்டு முழுதும் நின்று பழகியவர்க்கு இவ்வேறுபாடு விளங்கும். தேர்வு மண்டபத்தில் ஒருநாள் மட்டும் மாணவரைக் காண்பவன் அவர்தம் ஆசிரியன் ஆகான்.

பின் நிகழ்ந்தது இதற்குச் சான்று. 1997 இல் டெயிலர் மீண்டும் வாட்போட்டின் முகாமையாளரானார். மூன்றாம் படியில் இருந்த கழகத்தை, 1998 இலும் 1999 இலும் அடுத்தடுத்து உயர்த்தி, பிரிமியர் லீக்கில் நிறுத்தினார். 2017 இல் அவர் மறைந்தார். அக்கழக அரங்கின் ஒரு பகுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஒருவன் ஏறிய மிக உயர்ந்த இருக்கையில் என்ன செய்தான் என்பது ஓர் அளவுகோல். தன்னிடம் வந்தோரை எங்கிருந்து எங்கு உயர்த்தினான் என்பது பிறிதோர் அளவுகோல். ஆசிரியரை அளக்கவேண்டுவது இரண்டாவதாலேயே என்பது என் துணிபு.