வண்டியில் ஆம்புலன்ஸ் என்று எழுதினால் போதாது: தன்னார்வ மீட்புக் குழுக்களுக்கு உரிமமும் பயிற்சியும் குறித்து எங்கள் நிலைப்பாடு

சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில், உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் இடைப்பட்ட பகுதியில் இரண்டு ஆம்புலன்ஸ்களை வைத்து இயங்கும் தன்னார்வக் குழு நாங்கள். எங்களில் சம்பளம் வாங்குபவர் ஒருவரும் இல்லை. டிராக்டர் மெக்கானிக், பெயின்டர், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்று கலந்த கூட்டம் இது. தன்னார்வ ஆம்புலன்ஸ்களை அரசு கட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா என்ற கேள்வி எங்களைப் போன்ற குழுக்கள் கூடும் இடங்களில் அடிக்கடி எழுகிறது. வேண்டாம் என்பவர்களே அதிகம். வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. அரசின் 108 ஆம்புலன்ஸ் வண்டிக்கும் அதில் வரும் பணியாளருக்கும் என்ன அளவுகோலோ, அதையே எங்களுக்கும் வைக்க வேண்டும். இலவசமாகச் செய்கிறோம் என்பதற்காக ஒரு படி குறைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த முடிவுக்கு நாங்கள் புத்தகம் படித்து வரவில்லை. குழு தொடங்கிய புதிதில் எங்களிடம் பழைய ஆம்னி வேன் ஒன்றும் ஸ்ட்ரெச்சர் ஒன்றும் இருந்தன. ஒரு நள்ளிரவில், சென்டர் மீடியனில் மோதி விழுந்து கிடந்த இளைஞர் ஒருவரை இரண்டு பேர் தோளைப் பிடித்து, இரண்டு பேர் காலைப் பிடித்துத் தூக்கி வேனில் போட்டோம். அந்த அவசரத்தில் ஸ்ட்ரெச்சரைக்கூட இறக்கவில்லை. அரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம் என்ற பெருமையோடு நின்றோம். பணியில் இருந்த மருத்துவர் அவரைப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார்: “யாருப்பா தூக்குனது? கழுத்துக்கு ஒண்ணும் போடலையா?” அந்த இளைஞர் பிழைத்தார். ஆனால் எழுந்து நடக்கவில்லை. விழுந்தபோதே தண்டுவடம் அடிபட்டதா, நாங்கள் தூக்கியதில் அடிபட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் செய்யவில்லை என்று எங்களாலும் சொல்ல முடியாது. அவருடைய அம்மா இன்றும் எங்களைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறார். அந்தக் கும்பிடைத் தாங்க முடியாமல்தான் நாங்கள் பயிற்சி தேடிப் போனோம்.

பயிற்சியில் முதலில் கற்றது, எதையெல்லாம் செய்யக் கூடாது என்பதைத்தான். விபத்து நடந்த இடத்தில் நம் ஊரில் முதலில் வருவது தண்ணீர் பாட்டில். அடிபட்டவர் வாயில் தண்ணீரையோ சோடாவையோ ஊற்றாவிட்டால் மனம் ஆறாது. நினைவில்லாதவருக்கு அது மூச்சுக்குழலுக்குள் போகும். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படுபவருக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது ஆபத்தைக் கூட்டும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். ஹெல்மெட்டை ஒரே ஆள் வெடுக்கென்று இழுப்பார். ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்க, மற்றவர் மெல்லக் கழற்ற வேண்டும் என்பதை நாங்களே பயிற்சியில்தான் தெரிந்துகொண்டோம். ரத்தம் பீறிடும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிப்பது என்ற எளிய வேலையை அதுவரை நாங்கள் சரியாகச் செய்ததே இல்லை. இப்போது ஸ்கூப் ஸ்ட்ரெச்சரை இரு பாதியாகப் பிரித்து, உடம்பைத் தூக்காமல் இரு பக்கமும் செருகிப் பூட்டுகிறோம். கழுத்துப் பட்டை போடாமல் விபத்துக் கேஸை நகர்த்துவதில்லை. வண்டி தீப்பிடிக்கும் நிலை போன்றவை மட்டுமே விலக்கு.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று அளித்த தீர்ப்பும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவும், விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவும் வழிப்போக்கரைக் காப்பாற்றுகின்றன. உதவும்போது தவறு நேர்ந்தாலும் அவர் மீது வழக்கு வராது. பெயர் முகவரி சொல்லும்படி போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. இது மிக நல்ல சட்டம். இதை ஒவ்வொரு டீக்கடையிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். பலன் எதிர்பாராமல் செய்வதால் இந்தப் பாதுகாப்பு எங்களுக்கும் பொருந்தும் என்று வழக்கறிஞர் நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். அந்தக் குடைக்குள் ஒதுங்க எங்களுக்கு விருப்பமில்லை. வழியில் போகிற பால்காரர் பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வருவது வேறு. வண்டிக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மேலே விளக்கு சுழலவிட்டு, பக்கவாட்டில் ஆம்புலன்ஸ் என்று எழுதி வருவது வேறு. அந்த எழுத்தைப் பார்த்ததும் கூட்டம் விலகுகிறது. அடிபட்டவரின் உறவினர் எதுவும் கேட்காமல் அவரை எங்கள் கையில் கொடுக்கிறார். எங்களுக்கு வேலை தெரியும் என்று நம்பித்தான் கொடுக்கிறார். அந்த நம்பிக்கையை வாங்கிக்கொண்டபின் ‘நான் வெறும் வழிப்போக்கன்’ என்று சொல்வது நியாயமாகாது.

மற்ற நாடுகளும் இதே தடுமாற்றத்தைக் கடந்துதான் வந்திருக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக் என்ற ரயில்வே ஊரில், சிறுவனாக இருந்தபோது ஆற்றில் படகு கவிழ்ந்து இருவர் மூழ்குவதைக் கரையில் நின்று பார்த்தவர் ஜூலியன் ஸ்டான்லி வைஸ். கூட்டமே கரையில் நின்றும் காப்பாற்றத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வளர்ந்து ரயில்வே ஊழியரான அவர், 1928-ல் சக ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு அந்த நாட்டின் முதல் தனித்த தன்னார்வ மீட்புக் குழுவைத் தொடங்கினார். அதைப் பார்த்து நாடெங்கும் குழுக்கள் முளைத்தன. ஆனாலும் 1966-ல் அந்நாட்டு தேசிய அறிவியல் அகாதெமி வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியைச் சவ அடக்கம் செய்யும் நிறுவனங்களே நடத்துகின்றன என்று சொன்னது. காரணம், படுக்க வைத்துக் கொண்டுபோகும் அளவு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது.

அதைப் படித்தபோது எங்களுக்கு நெஞ்சில் குத்தியது. ஏனென்றால் எங்கள் வண்டியும் காலையில் ஃப்ரீசர் பாக்ஸை ஏற்றிக்கொண்டு போய், மத்தியானம் பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றியிருக்கிறது. சின்ன ஊர்களில் இது இன்றும் சாதாரணமாக நடக்கிறது. சடலத்தை மரியாதையோடு கொண்டுசேர்ப்பது பெரிய தொண்டு; அதற்கு அமரர் ஊர்தி தனியாக இருக்கட்டும். எங்கள் வண்டிகளில் சடலம் ஏற்றுவதை நிறுத்திவிட்டோம். ஊரில் சிலர் வருத்தப்பட்டார்கள், நன்கொடை கொடுத்த ஒருவர் பேச்சையே நிறுத்திக்கொண்டார். முடிவை மாற்றவில்லை.

எங்களை எதிர்ப்பவர்கள் சொல்வதில் வலு உண்டு. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, 17,884 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் ஒரே இரவில் மூன்று விபத்து நடந்தால் எந்தச் சேவையும் திணறும். இந்த நிலையில் உரிமம், தேர்வு, ஆய்வு என்று கிளம்பினால் பாதி வண்டிகள் ஷெட்டுக்குப் போய்விடும், அந்த இடைவெளியில் சாகப்போகிறவன் யார் என்று கேட்கிறார்கள். ‘எட்டாம் வகுப்பு படித்த லோடுமேனைப் பரீட்சை எழுதச் சொன்னால் அவன் எப்படி வருவான்?’ என்றும் கேட்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. 1967-ல் அங்கே ஏழைக் கறுப்பினத்தவர் வாழும் ஹில் மாவட்டத்தில் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலைக்கே லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட இளைஞர்களுக்குப் பீட்டர் சஃபார் என்ற மருத்துவர் சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார். அவர்களுள் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் இருந்தார்கள். அன்று அமெரிக்காவிலேயே மிகச் சிறந்த ஆம்புலன்ஸ் பணியாளர்களாக அவர்கள் உருவானார்கள். எளிய மனிதர்களுக்குக் கற்க முடியாது என்பது, கற்றுக்கொடுக்க மனமில்லாதவர்கள் சொல்வது. எங்கள் குழுவில் செய்முறையில் முதலில் தேறியவர் பெயின்டர்தான். ஏணியில் நின்று பழகிய கை நடுங்காது என்கிறார் அவர்.

முதல் கேள்விக்கு எங்கள் பதில், அவகாசம். ஒரே நாளில் யாரையும் மூடச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கொடுங்கள், அதற்குள் ஒவ்வொரு வண்டியும் எந்த வகை என்று முடிவாகட்டும். ஏ.ஐ.எஸ்-125 என்ற தேசிய ஆம்புலன்ஸ் தரம், வண்டிகளை முதலுதவிக்கு, நோயாளியை இடம் மாற்ற, அடிப்படை உயிர்காப்புக்கு, மேம்பட்ட உயிர்காப்புக்கு என்று ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிக்கிறது. எங்கள் வண்டிகளில் ஒன்று பி, ஒன்று சி. பி வண்டியை டயாலிசிஸ், கீமோதெரபி என்று போய் வருபவர்களுக்கு மட்டும் அனுப்புகிறோம். எந்த வண்டி எந்த வேலைக்கு என்று ஊருக்குத் தெரியும்படி எழுதிவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எங்கள் இளைஞர்களோடே நாங்கள் அதிகம் சண்டை போட்டிருக்கிறோம். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்குச் சட்டம் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. இவ்வளவு பெரிய உரிமையைப் பெற்றவர்கள் காலி வண்டியில் சைரன் போட்டுக்கொண்டு டோல்கேட்டில் நுழையலாமா? சைரனும் சீற்றமும் மிச்சப்படுத்தும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் என்று வெளிநாட்டு ஆய்வுகள் பல சொல்லியிருக்கின்றன. ஒவ்வொரு திடீர் பிரேக்கும் படுத்திருப்பவரின் உடைந்த எலும்பில் இறங்கும்; பின்னால் நின்று ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்திருப்பவர் கண்ணாடியில் மோதுவார். எங்கள் ஓட்டுநர்களுக்கு வேக வரம்பு உண்டு. மீறியவர்களை, அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், ஸ்டியரிங்கிலிருந்து இறக்கியிருக்கிறோம்.

அழைப்பு எங்களுக்கு வந்தாலும் முதலில் 108 கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறோம். 108 அருகில் இருந்தால் ரத்தத்தை நிறுத்தி, கழுத்தைத் தாங்கி, அது வரும்வரை காத்து ஒப்படைக்கிறோம். ‘கேஸை விட்டுக்கொடுத்துட்டீங்களே’ என்று கிண்டல் செய்த பிற குழுக்கள் உண்டு. நோயாளி யாருடைய கேஸும் இல்லை. தன்னார்வ வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பது 108-ன் திரையில் தெரிய வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம் என்பதில் பணம் புகுந்துவிட்டால் எல்லாம் கெட்டது. கேஸ் கொண்டுவந்தால் கமிஷன் தருகிறேன் என்று எங்களிடமும் பேசியிருக்கிறார்கள். விபத்தில் அடிபட்டவரை, அந்தக் காயத்தைக் கையாளும் வசதியுள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்வோம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்கு உட்பட்ட செலவை அரசே ஏற்கிறது. பதிவுபெற்ற தனியார் மருத்துவமனைகளும் இதில் உண்டு. இது தெரியாமல், கையில் காசில்லையே என்று தயங்கி நேரத்தைக் கடத்தும் குடும்பங்களை வாரம்தோறும் பார்க்கிறோம். கமிஷன் வாங்கியது நிரூபணமானால் அந்தக் குழுவின் உரிமத்தை, எங்களுடையதாக இருந்தாலும், நிரந்தரமாகப் பறிக்க வேண்டும்.

மீட்பு வேலையிலும் எங்கள் எல்லை எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிணற்றில் மயங்கி விழுந்தவரை மீட்க அண்ணன் இறங்குவார், அண்ணனைத் தேடி மாமா இறங்குவார், மூன்று பேரும் விஷவாயுவில் இறந்துபோவார்கள். கழிவுநீர்த் தொட்டிகளிலும் இதே கதை. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழி எல்லா வாயுவையும் காட்டாது. எரியும் வாயு இருந்தால் அதுவே வெடிக்கும். மூச்சுக் கருவியும் இடுப்புக் கயிறும் இல்லாமல் எங்கள் ஆள் யாரும் இறங்க மாட்டார். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை வரும்வரை மேலே நின்று மற்றவர்களைத் தடுப்பதும் மீட்பு வேலைதான். அப்படி நின்றபோது கோழைகள் என்று திட்டு வாங்கியிருக்கிறோம்.

அரசிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. மாவட்டத்துக்கு ஓர் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் தன்னார்வலர்களுக்கு இலவசமாக, தமிழில், இரவு வகுப்பாகப் பயிற்சி கொடுங்கள். பகலில் எங்களுக்கு வேலை இருக்கிறது. தேர்வைச் செய்முறையாக வையுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் தேர வேண்டும் என்று விதியுங்கள். பழகாத கை மறந்துவிடும். உரிமக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள், ஆனால் ஆய்வைத் தள்ளுபடி செய்யாதீர்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் வண்டியை நிறுத்துங்கள்.

சட்டம் வரும்வரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் இரண்டு வண்டிகளின் பின்கதவின் உட்புறத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது: அன்றைக்குப் பணியில் இருப்பவர் பெயர், அவர் பயிற்சி முடித்த தேதி, சிலிண்டர் கடைசியாக நிரப்பிய நாள், புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். உங்கள் வீட்டாரை ஏற்றும்போது அந்தப் பட்டியலைப் பாருங்கள். வேறு எந்தக் குழுவின் வண்டி வந்தாலும் அதைக் கேளுங்கள்.

– செயற்குழு