ராமுக்குப் பொருத்தம் பார்த்த கதை

போன எபிசோட்டில் ராம் விலை பற்றிக் கதைத்த பிறகு வந்த மெயில்களில் கனக்க ஒரே கேள்விதான். "என்ர டெஸ்க்டொப்பில 16 ஜிபி இருக்கு. இன்னொரு 16 வாங்கிப் பக்கத்தில செருகினாச் சரிதானே, எதைப் பார்த்து வாங்கிறது?" எபிசோட்டில் நான் "அதே மொடலை வாங்குங்கோ" என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டேன். அது காணாது. கொஞ்சம் பிழையும்கூட.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து இருக்கிறது. இரண்டு ராம் பொருந்துமா இல்லையா என்பதை லேபிளைப் பார்த்துச் சொல்ல ஏலாது. ஓட்டிச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்லலாம். சோதிக்காத ராமை வைத்துக்கொண்டு திரும்ப எடுக்க முடியாத எந்த ஃபைலையும் தொடக் கூடாது. இதை நான் படித்து அறிந்துகொள்ளவில்லை.

எங்கட வீட்டில் 11 வீஎச்எஸ் கசெட் இருந்தது. பிறந்தநாள், சாமத்தியவீடு, அம்மம்மா 1996இல் ரொறன்ரோவில் வந்து இறங்கிய நாள், அந்த மாதிரி. வீடு மாற முதல் எல்லாவற்றையும் கொம்பியூட்டருக்கு மாற்றித் தருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என்னிடம் இருந்தது ரைசன் 5 3600 மெஷின், அதில் 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் இரண்டு, 3200 வேகம், சிஎல்16. வீடியோ எடிட் செய்ய 16 ஜிபி காணவில்லை. பாவித்த சாமான் விற்கிற ஒருவரிடம் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு மலிவாக வந்தது. அவை 3600, சிஎல்18.

நான் சும்மா வாங்கவில்லை, கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன். சிஎல் என்பது கேட்ட தரவு வரும்வரை எத்தனை துடிப்பு பொறுக்க வேண்டும் என்ற எண். அதை 2000ஆல் பெருக்கி வேகத்தால் பிரித்தால் நானோசெக்கன்ட் வரும். 3200இல் சிஎல்16 என்றால் 10 நானோசெக்கன்ட். 3600இல் சிஎல்18 என்றாலும் அதே 10. அச்சொட்டான பொருத்தம்! எங்கட ஆக்கள் சாதகக் குறிப்பை வைத்துப் பத்துப் பொருத்தம் பார்க்கும்போது முகத்தில் வருகிற அந்தத் திருப்தி எனக்கும் வந்தது. நாலையும் செருகி, பழைய சோடியின் நேரங்களையே பயோஸில் நாலுக்கும் பொதுவாகப் போட்டேன். மெஷின் எழும்பியது. 48 ஜிபி என்று காட்டியது. கேம் ஓடியது. ஒரு நாளும் நீலத் திரை வரவில்லை. இடைக்கிடை பிரவுசரில் ஒரு டேப் விழும், பிரவுசரைத் திட்டுவேன்.

11 கசெட்டையும் மாற்றி, ஒரே ஆர்க்கைவாகச் சுருக்கி, க்ளவுடில் ஏற்றி, இடம் காணாது என்று மூலத்தை அழித்தேன். கசெட்டுகள் வீடு மாறும்போது குப்பைக்குப் போய்விட்டன. எட்டு மாதம் கழித்து அம்மா கேட்டா. ஆர்க்கைவை விரித்தால் 7 வீடியோ வந்தது. மிச்சம் நாலுக்கும் சிஆர்சி பிழை. அம்மம்மா வந்து இறங்கின நாள் அந்த நாலில் ஒன்று.

பிறகுதான் மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். யூஎஸ்பியில் போட்டு, விண்டோஸ் இல்லாமலே மெஷினை எழுப்பி ராமை மட்டும் சோதிக்கிற இலவசப் புரோகிராம். 40 நிமிடத்தில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. பழுதான ஸ்டிக்கைக் கண்டுபிடிப்போம் என்று பழைய சோடியை மட்டும் வைத்து ஓட்டினேன். பிழை பூச்சியம். புதிய சோடியை மட்டும், அதன் சொந்த நேரங்களோடு. அதுவும் பூச்சியம். நாலையும் சேர்த்து என் செட்டிங்கில் ஓட்டினால் திரும்பவும் சிவப்பு.

நாலில் ஒன்றுகூடப் பழுதில்லை என்பதுதான் எனக்கு விளங்க நேரம் எடுத்தது. சிஎல் என்பது ஸ்டிக்கரில் பெரிதாகப் போடுகிற ஒரு எண் மட்டும். அதற்குப் பின்னால் டசின் கணக்கில் வேறு நேரங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று ரெஃப்ரெஷ் நேரம். ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கப்பாசிட்டரில் நிற்கிற மின்னேற்றம். அது ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிசெக்கன்டுக்குள் எல்லா வரிசையையும் ஒருமுறை வாசித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். நிரப்புகிற ஒவ்வொரு தடவையும் டிடிஆர்4 தரவிதிப்படி 8 கிகாபிட் சிப்புக்கு 350 நானோசெக்கன்ட் கொடுக்க வேண்டும், 16 கிகாபிட் சிப்புக்கு 550. என் பழைய ஸ்டிக்கில் இருந்தது சின்னச் சிப், புதியதில் பெரியது. சின்னதின் அவசரத்தைப் பெரியதுக்கும் போட்டால், அது பெரும்பாலான நேரம் சமாளிக்கும். எப்போதாவது ஒரு பிட் மாறிப்போகும். அது கேமில் வந்தால் ஒரு புள்ளி நிறம் மாறும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். சுருக்கின ஆர்க்கைவில் வந்தால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் போச்சு.

இதைத் தீர்க்க ஒரு சதமும் தேவைப்படவில்லை. நேரங்களை எல்லாம் ஓட்டோவில் விட்டு, வேகத்தை 2666க்கு இறக்கினேன். இரவு முழுக்க ஓடியது, பிழை இல்லை. ஏஎம்டியே அந்த சிபியூவுக்கு நாலு ஸ்டிக் போட்டால் 2933, இரட்டை ராங்க் ஸ்டிக் என்றால் 2667 என்றுதான் அதிகாரபூர்வமாகச் சொல்கிறது. 3200 என்பது இரண்டு ஸ்டிக்குக்கான எண். நான் பெட்டியைப் படித்தேன், அந்த அட்டவணையைப் படிக்கவில்லை.

இப்போது "அதே மொடல்" விஷயம். பெட்டியில் கிட் என்று போட்டு இரண்டு ஸ்டிக் சேர்த்து விற்கிறார்களே, அங்கே நீங்கள் காசு கொடுப்பது இரண்டையும் சேர்த்துச் சோதித்ததற்கு. அதே பெட்டியில் இன்னொன்றை வாங்கினால் உங்களிடம் இருப்பது நாலு ஸ்டிக் கிட் இல்லை, ஒன்றையொன்று சந்தித்தே இராத இரண்டு சோடி. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று சிப் செய்கிறவர்கள் சிலர்தான், ராம் விற்கிறவர்கள் கனக்க. அதே பெயர், அதே படம், அதே லைட் எரிகிற ஸ்டிக், உள்ளே இருக்கிற சிப் மட்டும் வேறாக இருக்கலாம். கோர்செயார் ஸ்டிக் வைத்திருப்பவர்கள் லேபிளில் 'வெர்' என்று ஒரு சின்ன எண் இருக்கும், வடிவாப் பாருங்கோ. அது மாறினால் உள்ளுக்கும் மாறியிருக்கும். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ப்ரொஃபைல் எல்லாம் அந்தக் கிட் தனியாக இருக்கும்போது ஓடும் என்ற வாக்குறுதிதான், பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை.

டிடிஆர்5இல் கதை இன்னும் மோசம். ரைசன் 7000க்கு ஏஎம்டி சொல்கிற வேகம் இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நாலு என்றால் 3600. 9000 தொடரில் 5600, நாலு போட்டால் அதே 3600. நாலு போட்டு 6000இல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்களின் அதிர்ஷ்டமும் பொறுமையும். அதனால் டிடிஆர்5 மெஷினில் இருக்கிற இரண்டோடு இன்னும் இரண்டு சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இருப்பதை விற்றுவிட்டுப் பெரிய இரண்டாக ஒரே கிட் வாங்குங்கள். "டிடிஆர்5இல ஈசிசி இருக்குத்தானே, பிழையை அது பிடிக்கும்தானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சிப்புக்குள்ளே நடக்கிற திருத்தம் மட்டும். சிப்பிலிருந்து சிபியூவுக்குப் போகிற வழியில் வருகிற பிழையை அது பார்க்காது.

"விற்றுவிட்டு வாங்கு" என்பது காசு உள்ளவன் சொல்கிற புத்தி என்று எனக்குத் தெரியும். ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்பை அள்ளுவதால் 2025 கடைசியில் சில கிட் விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. க்ரூஷியல் என்ற பெயரில் எங்களுக்கு ராம் விற்பதையே நிறுத்தப்போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. மாணவராக இருந்து, பழைய டிடிஆர்4 மெஷினில் பாவித்த ஸ்டிக் இரண்டைச் சேர்க்கிறீர்கள் என்றால் நான் மறிக்க மாட்டேன். நானே அப்படித்தான் இன்றைக்கும் 48 ஜிபியில் இதை எழுதுகிறேன். ஆனால் எக்ஸ்எம்பியை அணைத்து, வேகத்தை இறக்கி, ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும், காலமை எழும்பிப் பார்க்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், "ஒண்டுதானே" என்று விடாதீர்கள்.

அதுக்கும் முதல், உங்களுக்கு ராம் வேணுமா என்று பாருங்கள். டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எவ்வளவு பாவிக்கிறது, என்ன வேகம், எத்தனை ஸ்லொட் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். என் மச்சான் ஒருவன் 6000 வேக டிடிஆர்5 வாங்கி ஒரு வருடம் 4800இல் ஓட்டினான், பயோஸில் எக்ஸ்போவைத் தொடவே இல்லை. "ஸ்லோவா இருக்கு, இன்னும் 32 போடப்போறன்" என்று நின்றான். இன்னொருவர் இரண்டு ஸ்டிக்கையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லொட்டில் செருகி ஒரே சனலில் ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு ஸ்லொட் போர்ட் என்றால் பெரும்பாலும் சிபியூவிலிருந்து இரண்டாவதும் நாலாவதும்தான் சரி. சிபியூ-இசட் 3000 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், 6000 என்பது அதன் இரட்டிப்பு எண்ணிக்கை. டிடிஆர்5 போட்டு முதல் தடவை எழுப்பும்போது சில நிமிடம் கறுப்புத் திரைதான் வரும், ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்து கழற்றாதீர்கள்.

இரவு முழுக்க ஓட்டுவது மினக்கெட்ட வேலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 2022 அக்டோபரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மெஷினிலேயே, இரண்டரை வருடம் ஒழுங்காக ஓடிய ஒரு ஸ்டிக் பழுதானது. கோட்டில்தான் பிழையோ என்று பழைய கெர்னலைப் போட்டுப் பார்த்து, பிறகு இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டித்தான் அவரும் உறுதிப்படுத்தினார்.

அந்த நாலு கசெட்டில் ஒன்றுக்குப் பிரதி லண்டனில் சித்தியிடம் இருக்கிறதாம். போன கிழமை அலுமாரிக்குள் இருந்து எடுத்துப் படம் அனுப்பினா, லேபிளில் அப்பாவின் கையெழுத்து. ஆனால் அது பால் முறைக் கசெட், கனடாவில் கிடைக்கிற என்டிஎஸ்சி பிளேயரில் ஓடாது. பால் ஓடுகிற வீஎச்எஸ் பிளேயர் ஸ்காபுரோ பக்கத்தில் யாரிடமாவது சும்மா கிடந்தால், இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ.