திசை கேட்போர் தண்ணீர் கேட்பதில்லை

முதன்முதலாக வீடு வாங்கப் புறப்படும் நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் விற்பவரிடம் எழுப்பும் முதல் கேள்வி எது? "வாசல் எந்தத் திசை?" என்பதே. கிழக்கு என்றால் முகம் மலர்கிறது. தெற்கு என்றால் கால் பின்வாங்குகிறது. பின்னர் தரையின் மினுமினுப்பையும் சமையலறை அலமாரியின் வண்ணத்தையும் பார்த்துவிட்டு, அரைமணி நேரத்தில் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். இருபது ஆண்டுகள் தவணை கட்ட வேண்டிய கடனுக்கு அரைமணி நேரப் பார்வை! கத்திரிக்காய் வாங்கும்போதுகூட இதைவிடக் கவனமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம்.

"வாஸ்து என்பது காற்றையும் வெளிச்சத்தையும் பற்றிய பழைய அறிவுதானே, அதில் சமயம் எங்கே வந்தது?" என்பர் சிலர். காற்றும் வெளிச்சமுமே கவலை என்றால், நண்பகலில் விளக்கை அணைத்துவிட்டு அறைக்குள் நின்று பார்க்கலாம். சன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளக்கலாம். அதைச் செய்வோர் அரியர். தென்மேற்கு மூலையில் கழிப்பறை இருந்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாது என்ற அச்சமே நம்மை ஆட்டிப்படைக்கிறது. ஞாயிறன்று நம்பிக்கை அறிக்கை சொன்ன நாவு, திங்களன்று ஒரு மூலைக்கு அஞ்சி நடுங்குவதை என்னென்பது?

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பெய்யும் மழை இங்கிருந்து எங்கே போகும்?

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்தே தியாகராய நகர் உருவாயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அதற்குள் அதன் பெரும்பகுதி குடியிருப்புகளாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டிருந்தது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது. அழகிய வாசற்படிகள் எந்தத் திசையைப் பார்த்திருந்தன என்று அது கேட்கவில்லை.

"மண் கொட்டி மேடாக்கித்தான் கட்டியிருக்கிறார்கள், நமக்கென்ன பயம்?" என்று கேட்போரும் உண்டு. இக்கேள்விதான் என்னை மிகவும் வருத்துகிறது. மேடாக்கினால் தண்ணீர் மறைந்துவிடாது. அது பள்ளத்தில் வாழும் ஏழையின் அடுப்பை அணைக்கும். நம் மனை உயர்ந்த அளவுக்கு அவன் குடிசைக்குள் வெள்ளம் ஏறும். அநீதியால் தன் வீட்டைக் கட்டுபவனுக்கு ஐயோ கேடு என்று எரேமியா இறைவாக்கினர் எச்சரித்தது (22:13) அரசனுக்கு மட்டுமன்று. கட்டியதை வாங்கும் நமக்கும்தான். மணல்மீது கட்டிய வீட்டைப் பற்றி ஆண்டவர் பேசியது (மத்தேயு 7:24-27) விசுவாச வாழ்வைக் குறித்தே. ஆயினும் மழை பெய்யும், வெள்ளம் வரும் என்பதை நன்கறிந்த தச்சராகவே அவர் பேசினார்.

ஆகவே, மழைக்காலத்தில் சென்று வீட்டைப் பாருங்கள். முழங்கால் உயரம்வரை மட்டும் புதுச் சுண்ணாம்பு தெரிந்தால் காரணம் கேளுங்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை வந்தால் பூச்சு விட்டிருக்கிறது. குழாய் நீரைச் சுவைத்துப் பாருங்கள். கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்பதைக் காவலாளியிடமும், பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்பதை எதிர்வீட்டுப் பாட்டியிடமும் விசாரியுங்கள். புல எண்ணைக் கொண்டு 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அந்நிலம் ஏரி என்றோ, ஓடை என்றோ, நீர்நிலைப் புறம்போக்கு என்றோ எழுதப்பட்டிருந்தால் திரும்பிவிடுங்கள்.

மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதிவுத்துறை ஆவணத்தைப் பதிவு செய்கிறதேயொழிய, விற்பவருக்கு உரிமை உண்டென்று உறுதி தருவதில்லை. அடுக்குமாடி என்றால் நிலத்தில் உங்கள் பிரிபடாத பாகம் எவ்வளவு, சுவர்களுக்குள் புழங்கும் கார்பெட் ஏரியா எவ்வளவு என்று எழுத்தில் பெறுங்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியா இன்னதென வரையறுத்திருக்கிறது. கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற லூக்கா நற்செய்தியின் அறிவுரை (14:28) இதற்கும் பொருந்தும்.

இறுதியாக, பத்திரத்தில் ஒரு விலையும் கையில் ஒரு விலையுமாக வாங்கச் சம்மதிக்காதீர்கள். "ஊரே அப்படித்தான்" என்பது விற்பவரின் நியாயமாக இருக்கலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அது செல்லாது.

குடிபுகும் நாளில் பங்குத்தந்தையை அழைத்து வீட்டை மந்திரிக்கிறோம். அறைதோறும் தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. அந்தச் சில துளிகளுக்குத் தலைவணங்கும் நாம், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வானத்து நீர் போகும் வழியையும் விசாரித்திருக்க வேண்டும். பிறர் கண்ணீரில் நில்லாத வீட்டுக்கே அந்த ஆசீர் பொருந்தும்.